கல்லூரி உதவித்தொகை: கூலி வேலைக் குடும்பத்துப் பிள்ளைகள் எதை, எப்போது, எந்த வரிசையில் செய்ய வேண்டும்?

தமிழ்நாட்டில் பிளஸ் டூ முடித்துக் கல்லூரிக்குப் போகிற பிள்ளைக்குப் பணம் வராமல் போனால், திட்டமே இல்லை என்பது அபூர்வமாகத்தான் காரணமாக இருக்கும். ஆதாரில் ஒரு பெயர், மார்க் ஷீட்டில் வேறு பெயர். கணக்கு இருக்கும், ஆனால் அரசுப் பணம் ஏறாத கணக்காக இருக்கும். வருமானச் சான்று கைக்கு வரும்போது விண்ணப்பத் தளம் மூடியிருக்கும். விண்ணப்பங்கள் பெரும்பாலும் இந்த மூன்றில்தான் விழுகின்றன. அதனால் இங்கே பேப்பர் வேலை முதலில் வருகிறது, விண்ணப்பம் பிறகு. தொகைகளும் வரம்புகளும் அரசாணைக்கு அரசாணை மாறும். நீங்கள் சேரும் ஆண்டின் சுற்றறிக்கையைக் கல்லூரி அலுவலகத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

1. உங்களுக்கு எது பொருந்தும் என்று முதலில் பிரியுங்கள்

‘இரண்டரை லட்சத்தைத் தாண்டினா ஒண்ணும் கிடைக்காது’ என்று ஊரில் சொல்வார்கள். அதை நம்பி விண்ணப்பிக்காமலே விட்டவர்கள் நிறையப் பேர். இரண்டரை லட்சம் என்பது ஒரு வாசல்தான். வேறு வாசல்களுக்கு வேறு அளவு. சிலவற்றுக்கு வருமான வரம்பே கிடையாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அப்பா கொத்தனார், நாள் கூலி 900 ரூபாய், மழை, பண்டிகை எல்லாம் போக மாதம் 20 நாள் வேலை. ஆண்டுக்கு 2,16,000. அம்மா நூறு நாள் வேலைக்குப் போய் ஆண்டுக்கு 18,000 கொண்டுவருகிறார். மொத்தம் 2,34,000. இந்தக் குடும்பம் இரண்டரை லட்சத்துக்குள் வருகிறது. அதே அம்மா பனியன் கம்பெனியில் மாதம் 9,000 சம்பளம் வாங்கினால் மொத்தம் 3,24,000 ஆகிவிடும். இந்த இரண்டாவது குடும்பத்துக்கு, பத்தாம் வகுப்புக்கு மேல் படிப்பவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை கிடைக்காது. முதல் பட்டதாரிச் சலுகை, மாதம் 1,000 ரூபாய்த் திட்டங்கள், மத்திய அரசின் மெரிட் உதவித்தொகை, கல்விக் கடன் வட்டி மானியம் ஆகியவை அப்படியே இருக்கின்றன.

இனி ஒவ்வொன்றாக.

போஸ்ட் மெட்ரிக் (எஸ்.சி., எஸ்.டி.): பெற்றோர் ஆண்டு வருமானம் 2,50,000-க்குள் இருக்க வேண்டும். கல்லூரியின் கட்டாயக் கட்டணமும் அதோடு ஆண்டுக்கு ஒரு படித்தொகையும் இதில் அடங்கும். எஸ்.சி. மாணவருக்கு மத்திய விதிப்படி பொறியியல் போன்ற தொழிற்படிப்பில் வீட்டிலிருந்து போய் வருகிறவருக்கு 7,000, விடுதியில் தங்குபவருக்கு 13,500. பி.ஏ., பி.எஸ்சி. போன்றவற்றுக்கு 3,000, விடுதி என்றால் 6,000. சுயநிதிக் கல்லூரியிலும் கட்டணத்தை அரசே ஏற்பது 2012-ஆம் ஆண்டின் அரசாணை 92-இலிருந்து வருகிறது. கல்லூரி அலுவலகத்தில் ‘தொண்ணூற்றிரண்டு’ என்றாலே புரியும். மதம் மாறிய கிறித்தவ ஆதிதிராவிடருக்கு மாநில அரசு தனியாகத் தருகிறது.

பி.சி., எம்.பி.சி., சீர்மரபினர்: அரசு, அரசு உதவி பெறும் கல்லூரியில் மூன்றாண்டு இளங்கலை என்றால் இலவசக் கல்வித் திட்டத்துக்கு வருமான வரம்பு இல்லை. முதுகலை, பாலிடெக்னிக், தொழிற்படிப்பு என்றால் 2,50,000. சுயநிதிப் பொறியியல் கல்லூரியின் முழுக் கட்டணத்தையும் இது மூடிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஐ.ஐ.டி., என்.ஐ.டி., மத்தியப் பல்கலைக்கழகம் போகிறவர்களுக்கு ஆண்டுக்கு 2 லட்சம் வரை தனித் திட்டம் இருக்கிறது. அதற்கும் அதே 2,50,000 வரம்புதான்.

முதல் பட்டதாரிச் சலுகை: சாதியும் வருமானமும் பார்ப்பதில்லை. குடும்பத்தில் அதுவரை யாரும் பட்டம் பெற்றிருக்கக் கூடாது. ஒற்றைச்சாளரக் கவுன்சலிங் வழியாகத் தொழிற்படிப்பில் சேர்ந்திருக்க வேண்டும். சுயநிதிப் பொறியியல் கல்லூரியில் கல்விக் கட்டணத்தில் 25,000 குறையும்.

7.5 சதவீத ஒதுக்கீடு: தொழிற்படிப்பு இடங்களில், 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. இதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசு கட்டுகிறது. தகுதி உள்ளவர் வேறு எந்தத் திட்டத்துக்கும் முன்னால் இதைத்தான் பார்க்க வேண்டும். இதைவிடப் பெரிய உதவி கிடையாது.

புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன்: 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியிலோ, அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ படித்திருந்தால் மாதம் 1,000, படிப்பு முடியும்வரை. வேறு உதவித்தொகை வாங்கினாலும் இது உண்டு.

மத்திய அரசின் கல்லூரி மெரிட் உதவித்தொகை: பிளஸ் டூவில் உங்கள் போர்டில் முதல் 20 சதவீதத்துக்குள் வர வேண்டும், குடும்ப வருமானம் 4,50,000-க்குள். இளங்கலையில் முதல் மூன்று ஆண்டு 12,000 வீதம், நான்காண்டுப் படிப்பின் கடைசி ஆண்டு 20,000. இதில் ஒரு முள் இருக்கிறது. மாநில அரசின் உதவித்தொகையோ கட்டண விலக்கோ வாங்குகிறவருக்கு இது கிடையாது. மாதம் 1,000 வாங்கினாலே ஆண்டுக்கு 12,000 ஆகிவிடுகிறதே, பிறகு இதன் பின்னால் ஏன் அலைய வேண்டும்? தனியார் பள்ளியில் படித்து, நல்ல மார்க் வாங்கி, இரண்டரை லட்சத்தைத் தாண்டிய குடும்பத்துப் பிள்ளைக்குத்தான் இது சரியான இடம்.

பெற்றோரின் தொழிலை வைத்து வருபவை: கட்டுமானம், ஆட்டோ, தையல், சலவை என்று அமைப்புசாரா நல வாரியங்களில் உறுப்பினராக இருப்பவர்களின் பிள்ளைகளுக்குக் கல்வி உதவி உண்டு. தொகை பெரிதல்ல. அட்டை புதுப்பிக்கப்படாமல் காலாவதியாகியிருந்தால் அதுவும் போச்சு. பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு மத்தியத் தொழிலாளர் துறை தருவது இதைவிடக் கனமானது: பட்டப்படிப்புக்கு 6,000, பி.இ. போன்ற தொழிற்படிப்புக்கு 25,000. திருநெல்வேலி, தென்காசி, வேலூர்ப் பக்கம் அம்மா பீடி சுற்றுகிற வீட்டில் பீடி அட்டையைத் தேடி எடுங்கள்.

2. பெயரையும் பிறந்த தேதியையும் ஒன்றாக்குங்கள் (பிளஸ் டூ பொதுத்தேர்வுக்கு முன்பே)

நம்மூர்ச் சிக்கல் இனிஷியல்தான். மார்க் ஷீட்டில் ‘சரண்யா மு’, ஆதாரில் வெறும் ‘சரண்யா’, வங்கியில் ‘மு.சரண்யா’, ரேஷன் கார்டில் ‘சரன்யா’. பார்க்கிறவருக்கு எல்லாம் ஒரே ஆள். கம்ப்யூட்டருக்கு நான்கு பேர். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் எப்படி இருக்கிறதோ அதையே அடிப்படையாக வைத்து ஆதாரை மாற்றுங்கள், ஆதாரை வைத்து வங்கியை மாற்றுங்கள். மார்க் ஷீட்டை மாற்றுவது மாதக்கணக்கில் இழுக்கும். ஆதார் மாற்றம் பெரும்பாலும் சில வாரத்தில் முடிந்துவிடும், கட்டணம் 75 ரூபாய்.

ஆதாரில் இன்னும் இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, 15 வயதுக்குப் பிறகு கைரேகை, கண் பதிவைப் புதுப்பித்தாயிற்றா? 15 முதல் 17 வயதுக்குள் அது இலவசம், கட்டாயமும்கூட. புதுப்பிக்காத ஆதாரை வைத்துக்கொண்டு உதவித்தொகைத் தளத்தில் முகம் காட்டிச் சரிபார்க்கப் போனால் பொருந்தவில்லை என்று திருப்பிவிடும். இரண்டு, ஆதாரில் உள்ள மொபைல் எண் இப்போது யார் கையில் இருக்கிறது? அப்பா ரீசார்ஜ் செய்யாமல் விட்ட பழைய எண் என்றால் ஓ.டி.பி. எங்கோ ஒரு அந்நியருக்குப் போகும். உங்கள் பெயரிலேயே ஒரு எண்ணை இணைத்து, நான்கு ஆண்டுக்கு அதை மாற்றாமல் வைத்திருங்கள்.

3. வங்கிக் கணக்கு: இணைப்பது வேறு, பணம் ஏறுவது வேறு

இந்த ஒரு படியில்தான் அதிகப் பேர் ஏமாறுகிறார்கள். ‘ஆதார் லிங்க் பண்ணியாச்சு’ என்று வங்கியில் சொல்வது பல சமயம் கே.ஒய்.சி. என்னும் அடையாளச் சரிபார்ப்புக்காக ஆதாரைப் பதிந்ததைத்தான் குறிக்கும். அரசின் நேரடிப் பணம் (டி.பி.டி.) கணக்கு எண்ணைப் பார்த்து வருவதில்லை. ஆதார் எண்ணைப் பார்த்து, தேசியப் பணப் பரிமாற்றக் கழகமான என்.பி.சி.ஐ.யின் பட்டியலில் அந்த ஆதாருக்கு எதிரே எந்த வங்கி இருக்கிறதோ அங்கே போகிறது. ஆகவே கிளையில் கேட்க வேண்டியது ‘டி.பி.டி.க்கு என்.பி.சி.ஐ. மேப்பிங் செய்யுங்கள்’ என்று. அதற்குத் தனியாக ஒரு ஒப்புதல் படிவம் இருக்கிறது. அதில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்து, ஒரு வாரம் கழித்து மை-ஆதார் தளத்தில் வங்கி இணைப்பு நிலையைப் பாருங்கள். வங்கியின் பெயரும், செயலில் உள்ளது என்ற குறிப்பும் தெரிய வேண்டும். அந்தப் பக்கத்தை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கல்லூரியில் கேட்பார்கள்.

ஒரு ஆதாருக்கு ஒரு நேரத்தில் ஒரு வங்கிதான். கடைசியாக எங்கே ஒப்புதல் கொடுத்தீர்களோ அங்கே மாறிவிடும். கல்லூரியில் சேர்ந்த முதல் வாரம் வளாகத்திலேயே ஒரு வங்கி மேசை போட்டு எல்லோருக்கும் புதுக் கணக்குத் திறப்பார்கள். அந்தப் படிவத்தில் மேப்பிங் ஒப்புதலும் சேர்ந்தே இருக்கும். பழைய கணக்கைப் பார்த்துக்கொண்டு ‘பணம் வரலையே’ என்று உட்கார்ந்திருப்பீர்கள், அது புதுக் கணக்கில் விழுந்திருக்கும்.

பள்ளியில் திறந்த ஜீரோ பேலன்ஸ் கணக்கை அப்படியே நம்பாதீர்கள். முழு ஆவணம் இல்லாமல் திறந்த ‘ஸ்மால் அக்கவுண்ட்’ என்றால் இருப்பு 50,000-ஐத் தாண்டக் கூடாது, ஆண்டில் மொத்த வரவு ஒரு லட்சத்தைத் தாண்டக் கூடாது. சிறார் கணக்குக்கும் வங்கி ஒரு வரம்பு வைத்திருக்கும். 18 வயது ஆனதும் கே.ஒய்.சி. கொடுத்து முழுக் கணக்காக மாற்றுங்கள். இரண்டு ஆண்டு வரவு செலவே இல்லாத கணக்கு முடங்கியிருக்கும். அதையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள். அப்பா, அம்மா பெயரில் உள்ள கணக்கு மாணவருக்கான உதவித்தொகைகளுக்கு உதவாது.

4. சான்றிதழ்கள்: ஏப்ரலிலேயே போடுங்கள்

மூன்று வேண்டும்: சாதி, வருமானம், முதல் பட்டதாரி. மூன்றும் இ-சேவை மையத்தில் போடலாம், ஒவ்வொன்றுக்கும் 60 ரூபாய். முதல் தடவை என்றால் ‘கேன்’ எண் (இ-சேவையில் உங்களுக்கான அடையாள எண்) பதிய வேண்டும். ஒருமுறை பதிந்தால் அதே எண் எல்லாச் சான்றுக்கும் போதும். மனு விஏஓவிடம் போய், ஆர்.ஐ. பார்த்து, தாசில்தார் அலுவலகத்தில் முடியும். எஸ்.டி. சாதிச் சான்று மட்டும் கோட்டாட்சியர் வரை போகும், அதற்கு மாதக் கணக்கில் நேரம் விடுங்கள். மற்றவை இரண்டு வாரத்தில் வரலாம். ஆனால் பிளஸ் டூ ரிசல்ட் வந்த மே மாதத்தில் தாலுகா முழுவதும் ஒரே சமயத்தில் மனு போடும், அப்போது அதே வேலை ஒரு மாதம் ஆனாலும் ஆச்சரியப்பட வேண்டாம்.

வருமானச் சான்றுக்கு ரேஷன் கார்டு, முகவரிச் சான்று, போட்டோ, கையெழுத்திட்ட உறுதிமொழி, சம்பளம் வாங்குபவர் என்றால் சம்பளச் சீட்டு. கூலி வேலைக்குச் சீட்டு ஏது? அங்கே விஏஓவின் விசாரணைதான் ஆதாரம். மனு போட்ட இரண்டு நாளில் அப்பாவோ அம்மாவோ அசல் ஆவணங்களோடு நேரில் போய்ப் பேசிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் ‘கூடுதல் ஆவணம் தேவை’ என்று திருப்பி அனுப்பியிருப்பார்கள், குறுஞ்செய்தி பிரவுசிங் சென்டர்க்காரரின் எண்ணுக்குப் போயிருக்கும். மனுவில் எப்போதும் உங்கள் எண்ணையே கொடுங்கள்.

தொகை விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. ‘எழுபத்திரண்டாயிரம்னு போட்டுக்கலாம், எல்லாத்துக்கும் செல்லும்’ என்று மையத்திலேயே ஆலோசனை சொல்வார்கள். உண்மையான தொகையே வரம்புக்குள் இருக்கும்போது பொய் எதற்கு? ஒரு திட்டத்துக்கு 72,000, வங்கிக் கடனுக்கு 2,40,000 என்று இரண்டு சான்று ஒரே குடும்பத்துக்கு இருந்தால் இரண்டுமே சந்தேகத்துக்கு ஆளாகும். வருமானச் சான்றை ஆண்டுதோறும் புதிதாக எடுக்க வேண்டும். சாதிச் சான்று ஒருமுறை எடுத்தால் போதும்.

முதல் பட்டதாரிச் சான்றில் ‘குடும்பம்’ என்பது அப்பா, அம்மா, அண்ணன் தம்பி, அக்கா தங்கையோடு நிற்பதில்லை. இருபக்கத் தாத்தா பாட்டியும் சேர்த்தி. டிப்ளமோ பட்டம் ஆகாது, ஆகவே பாலிடெக்னிக் முடித்த அண்ணன் இருந்தால் தடையில்லை. அஞ்சல் வழியில் பி.ஏ. முடித்த அக்கா இருந்தால் தடைதான். படிப்பைப் பாதியில் விட்டவர் பட்டதாரி அல்ல. ஆனால் அதற்கு அவருடைய டி.சி. போன்ற ஏதாவது சான்றைக் காட்டச் சொல்வார்கள். வீட்டில் எல்லோருடைய பள்ளி டி.சி.யையும் இப்போதே எடுத்து ஒரு கவரில் வையுங்கள். பள்ளிக்கே போகாதவருக்கு உறுதிமொழிதான். ஒரு குடும்பத்தில் ஒருவருக்கே இந்தச் சலுகை என்பதால், அண்ணன் ஏற்கெனவே இதில் படித்துக்கொண்டிருந்தால் தம்பிக்கு இல்லை. பொய் சொல்லி வாங்கினால் பிறகு பணத்தைத் திருப்பிக் கட்டச் சொல்வார்கள்.

கட்டணம் 60 ரூபாய்தான். அதற்கு மேல் யாராவது கேட்டால் ரசீது கேளுங்கள். பேச்சு பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும்.

5. கவுன்சலிங்கா, மேனேஜ்மென்டா: பணம் இங்கேதான் தீர்மானமாகிறது

மே மாதத்தில் வீடு தேடி ஆள் வரும். ‘அஞ்சாயிரம் கட்டி சீட்டைப் புக் பண்ணுங்க, ஸ்காலர்ஷிப் நாங்களே வாங்கித் தர்றோம்’ என்பார்கள். அப்படிச் சேர்ந்தால் அது மேனேஜ்மென்ட் சீட். முதல் பட்டதாரிச் சலுகையும் 7.5 சதவீத ஒதுக்கீடும் போய்விடும். போஸ்ட் மெட்ரிக்கில் கட்டணம் திரும்ப வருவதும் சிக்கலாகும். கவுன்சலிங் வழியாகப் போனால் சுயநிதிப் பொறியியல் கல்லூரிக் கல்விக் கட்டணம், கட்டணக் குழு நிர்ணயித்தபடி 50,000, தேசியத் தரச்சான்று பெற்ற படிப்பு என்றால் 55,000. அதே கல்லூரியின் அதே வகுப்பில் மேனேஜ்மென்ட் சீட்டுக்கு 85,000-க்கு மேல். முதல் பட்டதாரிக்கு 55,000-இல் 25,000 போய் 30,000 ஆகும். இரண்டுக்கும் நான்கு ஆண்டு வித்தியாசத்தை நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

பொறியியல் கவுன்சலிங் பதிவு மே, ஜூனில் நடக்கும். கட்டணம் 500, எஸ்.சி., எஸ்.டி.க்கு 250. பதியும்போதே முதல் பட்டதாரிச் சான்றையும், மாணவரும் பெற்றோரும் சேர்ந்து கையெழுத்திடும் கூட்டு உறுதிமொழியையும் ஏற்ற வேண்டும். ‘சான்று இன்னும் வரலை, அப்புறம் கொடுக்கலாம்’ என்று ‘இல்லை’ போட்டுவிட்டு, கல்லூரியில் சேர்ந்த பிறகு கொண்டுபோனால் பயனில்லை. விண்ணப்பத்தின் அச்சுப் பிரதியில் முதல் பட்டதாரி, அரசுப் பள்ளி ஆகிய இரண்டு வரிகளிலும் ‘ஆம்’ இருக்கிறதா என்று சரிபார்ப்புக்கு முன்பே பாருங்கள். பதிவுக்கு அரசின் உதவி மையங்கள் இருக்கின்றன. பிரவுசிங் சென்டரில் போடுவதானால் பாஸ்வேர்டை உங்கள் நோட்டிலும் எழுதி வாங்குங்கள்.

6. சேரும் நாளில் கல்லூரி அலுவலகத்தில்

கட்டணத்தைப் பிரித்து எழுத்தில் கேளுங்கள்: கல்விக் கட்டணம் எவ்வளவு, தேர்வு, பஸ், மெஸ், சீருடை, ‘பிளேஸ்மென்ட் டிரெய்னிங்’ எவ்வளவு. உதவித்தொகை மூடுவது கட்டாயக் கட்டணத்தைத்தான். 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சேராதவர்களுக்குப் பஸ்ஸும் மெஸ்ஸும் தங்கள் கையிலிருந்துதான். இதைத் தெரியாமல் ‘முழுக்க இலவசம்’ என்று நினைத்துச் சேர்ந்தவர்கள் முதல் செமஸ்டரிலேயே திண்டாடுகிறார்கள். பஸ் கட்டணம் கல்லூரி பஸ்ஸில் போனால் மட்டுமே. டவுன் பஸ் வசதி இருந்தால் அதை வேண்டாம் என்று எழுதிக் கொடுங்கள்.

எஸ்.சி., எஸ்.டி. மாணவரிடம் ‘இப்போ கட்டிடுங்க, ஸ்காலர்ஷிப் வந்ததும் திருப்பித் தர்றோம்’ என்பது பல இடங்களில் வழக்கம். முன்பணம் கேட்காமல் சேர்ப்பதற்காகத்தான் மத்திய விதிகளில் ‘ஃப்ரீஷிப் கார்டு’ என்ற ஏற்பாடே வந்தது. கட்ட முடியாது என்று முதல்வருக்கு ஒரு கடிதம் கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். தவிர்க்க முடியாமல் கட்டினால் ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது இருக்க வேண்டும். துண்டுச் சீட்டு செல்லாது.

அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று 2018-இலேயே யு.ஜி.சி. அறிவித்திருக்கிறது. சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தரச் சொல்லுங்கள். டி.சி. மட்டும் அங்கே இருக்கும். எல்லாவற்றையும் முன்கூட்டியே ஸ்கேன் செய்து, நான்கைந்து செட் ஜெராக்ஸும் எடுத்துவிடுங்கள்.

அன்றே உதவித்தொகையைப் பார்க்கிற கிளார்க் யார், அதற்குப் பொறுப்பான நோடல் ஆபீசர் யார் என்று கேட்டு முகத்தைப் பழகிக்கொள்ளுங்கள். நான்கு ஆண்டும் உங்கள் பணம் அவர்கள் மேசையைத் தாண்டித்தான் வரும்.

7. விண்ணப்பிப்பது

மாநில உதவித்தொகைத் திட்டங்கள் பெரும்பாலும் இப்போது கல்லூரி மாணவர் பதிவுத் தளமான ‘யுமிஸ்’-இல். கல்லூரி உங்கள் விவரத்தைப் பதிந்து ஒரு யுமிஸ் எண் தரும். அது வராமல் எதுவும் நகராது. பள்ளியில் இருந்த ‘எமிஸ்’ எண்ணை எழுதி வைத்துக்கொண்டு போங்கள். 6 முதல் 12 வரை எந்தப் பள்ளி என்பதை அதை வைத்துத்தான் தளம் அறிகிறது. நடுவில் ஓராண்டு தனியார் பள்ளியில் படித்ததாகத் தவறாகப் பதிவாகியிருந்தால் மாதம் 1,000 நின்றுவிடும். திருத்தப் பழைய பள்ளிக்குத்தான் போக வேண்டும். சந்தேகம் இருந்தால் பள்ளிக் கல்வித் துறையின் 14417 எண்ணில் கேட்கலாம்.

மத்திய மெரிட் உதவித்தொகையும் பீடித் தொழிலாளர் உதவியும் தேசிய உதவித்தொகைத் தளத்தில். முதலில் ஆதாரை வைத்து ஒருமுறைப் பதிவு செய்ய வேண்டும். பிறகுதான் விண்ணப்பம். தளம் வழக்கமாக ஜூன், ஜூலையில் திறந்து அக்டோபர் வாக்கில் மூடும். கடைசித் தேதியைத் தள்ளிவைப்பார்கள் என்று காத்திருக்காதீர்கள். கடைசி வாரம் ஓ.டி.பி.யே வராது. அனுப்பிய பிறகு வேலை முடிந்தது என்று இருக்கவும் கூடாது. கல்லூரி சரிபார்க்க வேண்டும், அதற்கும் தேதி உண்டு. ‘டிஃபெக்ட்’ என்று காட்டினால் திருத்தி மீண்டும் அனுப்பலாம். ‘ரிஜெக்ட்’ என்றால் அந்த ஆண்டு முடிந்தது. அதனால் பத்து நாளைக்கு ஒருமுறை நிலையைப் பாருங்கள்.

8. பணம் வரும்வரை எப்படிச் சமாளிப்பது?

ஜூலையில் கட்டணம், உதவித்தொகை வருவது பல சமயம் அடுத்த ஆண்டு பிப்ரவரி, மார்ச். இந்த இடைவெளிதான் படிப்பை நிறுத்துகிறது. மூன்று வழிகள் இருக்கின்றன.

முதலாவது, தங்கும் செலவைக் குறைப்பது. அரசு விடுதிகளில் (இப்போது சமூகநீதி விடுதி என்று பெயர்) சாப்பாடும் தங்கலும் இலவசம். பி.சி., எம்.பி.சி. விடுதிக்கு 2,50,000 வருமான வரம்பு. வீட்டுக்கும் கல்லூரிக்கும் குறைந்தது 8 கி.மீ. இருக்க வேண்டும், பெண்களுக்கு இந்தத் தூர விதி கிடையாது. இடம் சீக்கிரம் நிரம்பும். கல்லூரியில் சேர்ந்த வாரத்திலேயே காப்பாளரைப் போய்ப் பாருங்கள்.

இரண்டாவது, தவணை. முதல்வரிடம் எழுத்தில் கேட்டால் பல கல்லூரிகள் இரண்டு மூன்று தவணைக்கு ஒத்துக்கொள்ளும். உதவித்தொகை விண்ணப்ப நகலை இணைத்தால் பேச்சு சுலபமாகும்.

மூன்றாவது, கல்விக் கடன். வட்டிக்காரரிடமும் குழுக் கடனிலும் கல்லூரிக் கட்டணம் கட்டுவதை எப்படியாவது தவிருங்கள். வாரத் தவணை அடுத்த வாரமே தொடங்கிவிடும். வங்கிக் கல்விக் கடனில் படிப்பும் அதன்பின் ஓராண்டும் முடிந்த பிறகே தவணை. 4 லட்சம் வரை சொத்து ஜாமீனும், உங்கள் பங்காகக் கைப்பணமும் கேட்கக் கூடாது. கிளையில் வாய்மொழியாகக் கேட்டால் ‘மேனேஜர் இல்லை, அடுத்த வாரம் வாங்க’ என்ற பதில்தான். கல்விக் கடனுக்கான வித்யாலட்சுமி இணையதளத்தில் போடுங்கள், விண்ணப்ப எண் கிடைக்கும், மறுத்தால் காரணத்தைப் பதிய வேண்டியிருக்கும். தேவையானவை: சேர்க்கை ஆணை, கல்லூரி லெட்டர்ஹெட்டில் ஆண்டுவாரியான கட்டண விவரம், மார்க் ஷீட்டுகள், மாணவருக்கும் பெற்றோருக்கும் பான், ஆதார், வருமானச் சான்று. அப்பாவின் சிபிலையும் (பழைய கடன்களைக் கட்டிய பதிவு) பார்ப்பார்கள். பாதியில் நின்ற பைக் லோன் தவணை அங்கே வந்து நிற்கும். முடிந்தால் அதை முடித்துவிட்டு, இல்லாவிட்டால் அம்மாவை இணைக் கடன்தாரராக வைத்துப் போடுங்கள்.

குடும்ப வருமானம் 4,50,000-க்குள், தொழிற்படிப்பு, தரச்சான்று பெற்ற கல்லூரி என்றால் படிப்புக் காலத்துக்கும் அதன்பின் ஓராண்டுக்கும் வட்டியை மத்திய அரசு ஏற்கிறது. 2 லட்சத்துக்கு 9 சதவீதம் என்று வைத்தாலே ஆண்டுக்கு 18,000 வட்டி. இந்த மானியத்தைக் கிளைதான் கோர வேண்டும், மறந்துவிடுவார்கள். கடன் வாங்கும்போதே வருமானச் சான்றைக் கொடுத்து, வட்டி மானியத்தில் சேர்க்கச் சொல்லி ஒரு கடிதம் எழுதி, நகலில் முத்திரை வாங்குங்கள்.

9. பணம் வந்த பிறகு, ஆண்டுதோறும்

போஸ்ட் மெட்ரிக் கட்டணம் உங்கள் கணக்கிலேயே வந்து விழும். அது உங்கள் பணம் இல்லை, கல்லூரியுடையது. மார்ச்சில் திடீரென 30,000 வந்ததும் நகையை மீட்க எடுத்துவிட்டு, ஏப்ரலில் ஹால் டிக்கெட்டுக்கு முன்னால் நிற்கிற குடும்பங்கள் உண்டு. எது கட்டணம், எது உங்களுக்கான படி என்று கிளார்க்கிடம் கேட்டு, கட்டணத்தை உடனே கட்டி ரசீது வாங்குங்கள்.

ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்க வேண்டும். புது வருமானச் சான்று, போனஃபைடு (அங்கே படிக்கிறீர்கள் என்று கல்லூரி தரும் சான்று), வருகைப் பதிவு. மத்திய மெரிட் உதவித்தொகைக்கு 50 சதவீத மதிப்பெண்ணும் 75 சதவீத வருகையும் வேண்டும். ஒரு ஆண்டு விட்டால் பெரும்பாலும் தொடர்ச்சி அறுந்துவிடும். முதலாண்டு பிடித்துப் போடுகிற பிள்ளைகள் இரண்டாம் ஆண்டில்தான் கோட்டை விடுகிறார்கள், யாரும் நினைவூட்டுவதில்லை என்பதால்.

பணம் வரவில்லை என்றால் தேடும் வரிசை இது: முதலில் மை-ஆதாரில் எந்த வங்கி, செயலில் உள்ளதா. அடுத்து யுமிஸிலோ தேசியத் தளத்திலோ நிலை. பிறகு நோடல் ஆபீசர். அதன்பின் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள ஆதிதிராவிடர் நல அலுவலகமோ பிற்படுத்தப்பட்டோர் நல அலுவலகமோ. திங்கட்கிழமை மக்கள் குறைதீர் கூட்டத்தில் மனுவாகவும் கொடுக்கலாம். 1100 எண்ணில் புகார் பதிந்தால் ஒரு மனு எண் வரும், அடுத்த தடவை அதைச் சொல்லிப் பேசினால் பதில் கிடைக்கும்.

கடைசி ஆண்டு உதவித்தொகை, நீங்கள் படிப்பை முடித்து டி.சி. வாங்கி வெளியே வந்த பிறகும் வரலாம். வேலைக்குச் சேர்கிற கம்பெனி புதுச் சம்பளக் கணக்குத் திறக்கும்போது ஆதார் மேப்பிங் கட்டத்தில் டிக் போடாதீர்கள். பழைய கணக்கை மூடாதீர்கள். அந்த மொபைல் எண்ணுக்கு ரீசார்ஜ் போட்டு வையுங்கள்.